வாசல் பொறுப்பு

பிப்ரவரி 5, திங்கள்

மைதான வாசலுக்கான விதிப்பட்டியல் வந்துவிட்டது. மொத்தம் பதினொன்று. மூன்று முறை படித்தேன். நாலாவது முறை படித்தால் வேறு மாதிரி இருக்குமோ என்று ஒரு நப்பாசை.

வீட்டுச் சாப்பாடு கூடாது. பாட்டில் கூடாது. மத்தளம், இரும்பு வளையம், சங்கு எதுவும் கூடாது. ஒருமுறை வெளியே போனால் திரும்ப உள்ளே வரக் கூடாது.

கிரெனடாவில் இதெல்லாம் இல்லாமல் யார் கிரிக்கெட் பார்த்திருக்கிறார்கள்? பிரெண்டிஸிடம் கேட்டேன். உலகப் போட்டியை நடத்துகிறவர்கள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிவைத்த மனிதர். பள்ளியிலிருந்து இந்த வாசல் பொறுப்புக்கு வந்த ஆறு மாதமாக எனக்கு மேலதிகாரி. "எல்லா நாட்டுக்கும் ஒரே விதிதான், வெர்லின். உங்க ஊருக்குன்னு தனியா போட முடியாது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை ரேடியோவில் நான்தான் படிக்க வேண்டுமாம். உள்ளூர்க் குரலாக இருந்தால் ஜனங்கள் கேட்பார்களாம்.

பிப்ரவரி 9, வெள்ளி

படித்தேன். அதன் பிறகு அரை மணி நேரம் தொலைபேசி.

முதலில் ஓர் அம்மாள். "டீச்சர், காலைல போனா சாயங்காலம் வரைக்கும் உக்காரணும். கறிப்பலாவத் தேங்காப்பால்ல போட்டு நான் பானையோட கொண்டு வரக் கூடாதுன்னா, உள்ள எனக்கு யாரு சமைச்சுப் போடுவா? நீங்களா?"

"உள்ள கடைங்க இருக்கும்மா."

"என்ன கடை?"

"ஹாட் டாக்..." சொல்லும்போதே எனக்கு நாக்கு குழறியது. நிகழ்ச்சி நடத்துபவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார்.

அடுத்து ஓர் ஆண். "மூச்சு விடலாமா மிஸ்? அது எத்தனாவது விதி?"

பிப்ரவரி 17, சனி

கிரென்வில் சந்தை. பூசணி விற்கிறவள் மீதியை என் கையில் வைக்காமல் பலகையில் வைத்தாள். தற்செயலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மீன் பக்கம் தம்பி கெர்லன் நின்றிருந்தான். படகு கரைக்கு வந்ததும் அவன் சங்கை எடுத்து ஊதினால் ஊரே கூடையோடு வரும். மேட்ச் நாளில் அதே சங்கோடு கிழக்கு ஸ்டாண்டில் இருப்பான். பௌலர் ஓடி வர வர இழுத்து ஊதுவான். அவனைச் சுற்றி மத்தளமும், பழைய கார்ச் சக்கர இரும்பும் தட்டுகிற பதினொரு பேர். இருபது வருஷமாக அது அவர்கள் இடம்.

"ரேடியோ கேட்டேன்க்கா."

"அத நான் எழுதலடா."

"எழுதினவன் யாருன்னு எனக்குத் தெரியாது. உன் குரல் தெரியும்."

வழக்கம்போல் எனக்கென்று எடுத்து வைத்திருந்த மீனைச் செதில் நீக்கி, சுற்றிக் கொடுத்தான். அதுதான் தாங்கவில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

ராஜினாமாக் கடிதத்தோடு உள்ளூர்ப் போட்டிக் கமிட்டிச் செயலாளரிடம் போனேன். லாஷ்லி நல்லவர். அதைப் பிரிக்காமலே என் பக்கம் தள்ளினார்.

"டீச்சர், நீங்க போனா பிரெண்டிஸ் என்ன செய்வாருன்னு தெரியுமா? வாசலுக்கு வெளிநாட்டு செக்யூரிட்டி ஆளுங்களக் கூட்டிட்டு வருவார். அதுக்கான காகிதம் அவர் மேஜை மேலயே தயாரா இருக்கு. வாசல் வேலைக்கு நீங்க சேத்த எண்பது பேரும் வீட்டுக்குப் போகணும்."

எண்பது பேரில் பாதிக்கு மேல் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். சீருடைக்கு அளவு கொடுத்துவிட்டார்கள். பள்ளிக்கும் நான் திரும்ப முடியாது. என் வகுப்பு ஜூலை வரை வேறொருவருக்கு.

ஏன் ஒத்துக்கொண்டேன் இந்த வேலைக்கு? நம்மில் ஒருத்தி வாசலில் நின்றால் அது நம் வாசலாக இருக்கும் என்று நினைத்தேன். அசடு. வாசல் அவர்களுடையது. நிற்கிற கால் மட்டும்தான் என்னுடையது.

மார்ச் 20, செவ்வாய்

சண்டை போட்டு ஒன்று வாங்கினேன். ஆறு பேர் கொண்ட 'அனுமதிக்கப்பட்ட இசைக்குழு'. போட்டோ ஒட்டிய அட்டை. மைதானத்துப் பெரிய திரையில் அறிவிப்பு வரும்போது மட்டும் வாசிக்கலாம்.

படிவத்தைக் கெர்லனிடம் நீட்டினேன். எழுத்துக்கூட்டாமல், நிதானமாக, முழுவதும் படித்தான்.

"விக்கெட் விழுந்தா?"

"திரையில போட்டதுக்கப்புறம்."

"அப்ப எனக்குக் கண்ணு எதுக்கு?"

படிவத்தை மடித்து என் பையில் அவனே வைத்தான். "நாங்க பன்னெண்டு பேருக்கா. எந்த ஆறு பேர வீட்ல விடட்டும், நீயே சொல்லேன்."

ஏப்ரல் 10, செவ்வாய்

முதல் மேட்ச்.

இருபதாயிரம் இருக்கை. வந்தவர்கள் மூவாயிரத்து நானூறு.

கிழக்கு வாசலில் காலையிலிருந்து நின்றேன். பிடுங்கியவற்றை வைக்க ஒரு மேஜை போட்டிருந்தோம். பத்து மணிக்குள் இரண்டாவது மேஜை தேவைப்பட்டது. மிஸ் அயாந்தி வந்தாள். துணியில் சுற்றிய பானை, இன்னும் சூடாக. எழுபது வயது. எல்லா மேட்சுக்கும் வருகிறவள். வாசலில் நின்ற பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"இத நான் எங்க வைக்கட்டும் டீச்சர்?"

"இங்க வச்சுட்டுப் போங்கம்மா. டோக்கன் தர்றேன்."

"சோத்துக்கு டோக்கனா?"

அவள் உள்ளே போகவில்லை. பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சாலையைக் கடந்து, மைதானத்துக்கு மேலே இருக்கும் குன்றில் ஏறினாள். அப்போதுதான் பார்த்தேன், அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள்.

ஏப்ரல் 12, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

குன்றில் இன்று ஆயிரம் பேருக்கு மேல். அடுப்பு மூட்டியிருந்தார்கள். மத்தளம், இரும்பு, எல்லாவற்றுக்கும் மேலே கெர்லனின் சங்கு. உள்ளே காலி இருக்கைகள், வெளியே திருவிழா. நம் அணி பீல்டிங்.

பிரெண்டிஸ் என்னைத் தனியே அழைத்தார். "அந்தச் சத்தம் டிவில கேக்குது. கேமராவத் திருப்பினா உள்ள ஆளே இல்ல. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"குன்று வேலிக்கு வெளிய இருக்கு சார். விதி வேலியோட முடியுது."

"நீங்க சொன்னா கேப்பாங்க. இல்லன்னா போலீஸ் மட்டும் போகும். எது நல்லதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

நானே முடிவு பண்ணணுமாம். என்ன முடிவு இருக்கு இதுல? போலீஸ் தனியாப் போனா யாராவது ஒருத்தன் கை ஓங்குவான், யாராவது ஒருத்தன் தலை உடையும். போனேன். ரெண்டு போலீஸ்காரங்க பின்னால வர, நான் முன்னால.

என்னைப் பார்த்ததும் மத்தளம் ஒவ்வொன்றாக நின்றது. கெர்லன் மட்டும் ஊதிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. 'தயவுசெய்து' என்று ஒரு வார்த்தை இருந்தது.

அவன் போலீஸைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சங்கை இறக்கினான்.

"விடுங்கப்பா. எங்கக்கா சொல்லிட்டா."

குத்தலாகக்கூடச் சொல்லவில்லை.

இறங்கிக்கொண்டிருந்தபோது கீழே ஒரு விக்கெட் விழுந்தது. நம் அணி எடுத்த விக்கெட். ஸ்டம்ப் சாயும் சத்தம் அவ்வளவு தூரத்துக்குக் கேட்டது. ஆயிரம் பேர் எனக்குப் பின்னால் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஏப்ரல் 13, வெள்ளி

நேற்று செய்ததைத் தவிர வேறென்ன செய்திருக்க முடியும்? யாராவது சொல்லட்டும்.

ஏப்ரல் 16, திங்கள்

பதினொரு விதிகளில் ஏழு விதிகளை ரத்து செய்துவிட்டார்கள். சாப்பாடு கொண்டு வரலாம். மத்தளம் கொண்டு வரலாம். சங்கு தாராளமாக. எல்லா ஊரிலும் ஸ்டாண்டு காலியாம், விளம்பரம் கொடுத்தவர்கள் கோபமாம். "ஒரு கொண்டாட்டம் மாதிரி இருக்கணும், வெர்லின்" என்கிறார் பிரெண்டிஸ். அதே மனிதர், அதே நாற்காலி.

மறுபடி ரேடியோ. மறுபடி நான். ஒரே ஓர் அழைப்புதான் வந்தது.

"டீச்சர், இது எத்தன நாளைக்கு?"

ஏப்ரல் 17, செவ்வாய்

கெர்லன் கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தான். மணலில் உட்கார்ந்தேன்.

"நாளைக்கு வாடா. எல்லாரையும் கூட்டிட்டு வா. யாரும் தடுக்க மாட்டாங்க."

"நிறுத்துன்னு நீ சொன்னப்ப ஒரு வார்த்த பேசாம நிறுத்தினோம்ல?"

"ஆமாம்."

"நிறுத்தறது சுலபம்க்கா. ஊதச் சொன்னா... நெஞ்சுல காத்து வேணும்ல. எங்கிருந்து வரும்?"

"அவங்களுக்காக இல்லடா. நம்ம டீமுக்காக."

"அன்னிக்கு விக்கெட் விழுந்துச்சே, அதுவும் நம்ம டீம்தான்."

ஊசியை வலையில் குத்திவிட்டு எழுந்து போனான். நான் அங்கேயே இருந்தேன். எந்தப் பக்கம் எழுந்து போவது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 18, புதன்

பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி வந்து கிழக்கு ஸ்டாண்டை நிரப்பினோம். தட்டிச் சத்தம் எழுப்ப ஆளுக்கொரு ஜோடி பிளாஸ்டிக் குழல். திரையில் 'சத்தம் போடுங்கள்' என்று வந்தால் தட்டினார்கள். எழுத்து மறைந்ததும் நிறுத்தினார்கள். இடைவேளையில் ஒலிபெருக்கியில் மத்தள ஒலிப்பதிவு. எந்த ஊர்த் தாளமோ, நம்முடையது இல்லை.

குன்றில் புல் மட்டும்.

ஏப்ரல் 20, வெள்ளி

இங்கே கடைசி மேட்ச் முடிந்தது. பிரெண்டிஸ் கை குலுக்கினார். "ஒரு அசம்பாவிதமும் இல்லாம முடிச்சிட்டீங்க." சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றும் கொடுத்தார்.

எண்பது பேரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். என்னை நடுவில் நிற்கச் சொன்னார்கள். நின்றேன்.

மே 11, வெள்ளி

ஜூலையில் பள்ளிக்குத் திரும்பும் வரை கல்வி அமைச்சகத்தில் ஒரு மேஜை கொடுத்திருக்கிறார்கள். வேலை எதுவும் கொடுக்கவில்லை. மாவுக்கடையில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், 'மிஸ் கேட்'. கெர்லனைப் பார்த்து இருபத்துநாலு நாளாகிறது. அவன் வீட்டுப் பக்கம் வரவில்லை. நானும் போகவில்லை.

மே 26, சனி

காலையில் கெர்லன் வந்தான். உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றான்.

"திங்கக்கிழமை லீவுல, கடலோரத்துல எங்களுக்கும் மலைப்பக்கத்து ஆளுங்களுக்கும் மேட்ச். ஸ்கோர் எழுத ஆள் இல்ல. போன தடவ எழுதினவன் கூட்டல் தப்பாப் போட்டு அடிதடியாயிடுச்சு."

"என்னையா கூப்பிடற?"

"உனக்குக் கணக்கு வரும்ல."

"மத்தவங்க?"

"கேட்டேன். சில பேர் சரின்னாங்க."

சில பேர். மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

மே 28, திங்கள்

போனேன். ஒரு பெஞ்சும் நோட்டும் கொடுத்தார்கள். வேலி கிடையாது, பவுண்டரிக்குத் தென்னை மட்டைகள். மிஸ் அயாந்தி என்னைப் பார்த்ததும் எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை இந்தப் பக்கம் திரும்பவில்லை. அது அவள் இஷ்டம்.

பதினாறாவது ஓவரில் மழை. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. படகுகளுக்குக் கீழே ஒதுங்கினோம், மழை விட்டதும் தொடர்ந்தோம். கெர்லன் பூஜ்யத்தில் அவுட். எழுதினேன்.

அதிகமாக யாரும் என்னிடம் பேசவில்லை. ஒவ்வொரு ஓவர் முடிந்ததும் யாராவது ஒருவர் என் பக்கம் திரும்பி, "எவ்வளவு?" என்று கேட்டார்.

சொன்னேன்.