தேக்காவில் வாங்கிய புதுச் செருப்பு

அன்பு மகன் பிரபாகருக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை வர்ஷா எழுதுவது. சிங்கப்பூரில், தோ பாயோ வீட்டில் நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம், பெர்த்தில் நீயும் குளிருக்குப் போர்த்திக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். கண் மங்கலாகிவிட்டதால்தான் நான் எழுதவில்லை, வேறொன்றுமில்லை. கால் புண்ணுக்கு வியாழக்கிழமை சின்ன ஆபரேஷன், சுத்தம் செய்து கட்டிவிடுவார்களாம், அதற்காக லீவு போட்டுக்கொண்டு ஓடிவராதே. வர்ஷாவை நினைத்தால்தான் கவலை. என்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பள்ளியை விட்டுவிட்டாள், நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டாள், நீதான் புத்தி சொல்ல வேண்டும். ஆனாலும் டாக்டர் இங்கிலீஷில் சொல்வதையெல்லாம் அவள்தான் எனக்குத் தமிழில் சொல்கிறாள், படித்த படிப்பு அந்த மட்டுக்கும் உதவுகிறது.

அண்ணா, இதுவரை அம்மா சொன்னது. மாத்திரை போட்டுக்கொண்டு கண்ணயர்ந்துவிட்டார், இனி எழுதுவது நான். ஓரறை வீட்டில் இதைப் போனில் பேச முடியாது. ஆபரேஷன் சின்னதில்லை. வலது காலை முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது. என்னடி சொல்றாரு என்று அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டபோது, புண்ணைச் சுத்தம் பண்ணணுமாம் அம்மா, சின்ன ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்குப் புரிந்ததா என்று டாக்டர் கேட்டார், தலையாட்டினேன். பள்ளியில் மொழிபெயர்ப்பில் எனக்கு நல்ல மார்க். நூலக அறிவிப்பு, டெங்கிக் கொசு எச்சரிக்கை எல்லாம் தமிழில் எழுதியிருக்கிறேன். பெற்ற தாயின் முகத்தைப் பார்த்து, உங்கள் காலை எடுக்கப்போகிறார்கள் என்று சொல்ல எந்தப் பாடத்திலும் பழக்கவில்லை, அண்ணா. பழக்கியிருந்தாலும் எனக்கு வாய் வந்திருக்குமா தெரியவில்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும்போது போட்டுக்கொள்ள என்று நேற்று தேக்கா கடைத்தெருவில் புதுச் செருப்பு வாங்கிவரச் சொன்னார். வாங்கிவந்தேன். கட்டுப் போட்ட காலையும் மெதுவாக நுழைத்துப் பார்த்துவிட்டு, வீக்கம் வடிஞ்சா சரியாயிடும் லா என்றார்.

ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று புதன்கிழமை அம்மாவிடம் கையெழுத்து வாங்குவார்கள். அதற்கு முன் அம்மாவுக்குத் தெரிந்தாக வேண்டும். இந்தத் தாளைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். உன்னைச் சொல்லச் சொல்லவில்லை, நான்தான் சொல்ல வேண்டும். நீ பக்கத்தில் நின்றால் போதும்.

அம்மா எழுந்துவிட்டார். நீண்ட ஆயுளோடு இரு, நேரத்துக்குத் தூங்கு என்று ஆசி எழுதச் சொல்கிறார். ஓடிவராதே என்று மறுபடியும் எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன். நீ வந்துவிடு.

இப்படிக்கு,
அம்மா பஞ்சவர்ணம்
எழுதியவள் வர்ஷா