மங்களம் சொன்னாள்

1998 ஜூன் 7, ஞாயிறு

ஜெபம் முடிந்ததும் சாந்தகுமாரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாசக் கடைசி ஞாயித்துக்கெழம நீங்கதான் சாட்சி சொல்லணும் சிஸ்டர். ஆண்டவர் குடுத்த சந்தோஷத்தப் பத்தி ரெண்டு வார்த்த." எங்கள் நீலசந்திரா ஏரியா ஜெபவீட்டில் அவர் கேட்டு யாரும் மாட்டேன் என்றதில்லை. நானும் தலையாட்டிவிட்டேன்.

ஞானஸ்நானம் எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. பாட்டு வரும்போது எல்லார் முகமும் மலர்கிறது. நானும் கை தட்டுகிறேன். எனக்கு மட்டும் ஏன் அந்தச் சந்தோஷம் வரவில்லை?

ஜூன் 10

இன்று கம்பெனியில் என் தையல் லைனில் இரண்டு பேரைக் காரணமில்லாமல் திட்டினேன்.

ஜூன் 14, ஞாயிறு

சாட்சியை எழுதிப் பார்த்தேன். 'நான் தமயந்தி, வயது முப்பத்தாறு, கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசர். முன்பு சமாதானம் இல்லாமல் இருந்தேன். இப்போது—' அங்கேயே பேனா நின்றது. மூன்று தாள் கிழித்தாயிற்று.

பாஸ்டர் இன்று பிரசங்கத்தில் சொன்னது: "ஜெபம் பண்ணக் கண்ண மூடறீங்க. யாரோ ஒருத்தர் முன்னாடி வந்து நிக்கறாங்க. அவங்களத் தள்ளிட்டு ஜெபம் பண்ணாதீங்க. எழுந்து போய்ப் பாத்துட்டு வாங்க." எனக்கு முன்னால் யார் வந்து நிற்கிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்தப் பெயரை இந்த நோட்டில்கூட எழுதியதில்லை.

ஜூன் 17

எழுதிவிடுகிறேன். மங்களம்.

நான்கு வருடம் முன்பு ஒரே லைனில் அவள் தையல், நான் செக்கிங். கம்பெனியில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்துக் காகிதத்தில் ஒட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் மெஷினை ஓட்டலாம். அன்று மங்களத்தின் ஊசி உடைந்தது. "தமயந்தி, முனை மட்டும் காணல" என்று என்னிடம் வந்து சொன்னாள். சாயங்காலம் லாரி போக வேண்டும். "நான் பாத்துக்கறேன், நீ தை" என்றேன். பார்க்கவில்லை. மறந்தேனா? இல்லை. தேடினால் நேரமாகும் என்று விட்டேன்.

அந்த முனை ஒரு குழந்தை கவுனுக்குள் வெளிநாடு போயிற்று. நல்ல வேளை, கடையிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆர்டர் ரத்து. விசாரணையில் மங்களம், "தமயந்தி கிட்ட சொன்னேன் சார்" என்றாள். "எங்கிட்ட சொல்லல" என்றேன் நான். இரண்டே சொல். அன்றே அவளை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் நான் சூப்பர்வைசர்.

ஜூன் 21, ஞாயிறு

சாந்தகுமாரி அக்காவிடம் சொன்னேன். அழுதார். கட்டிக்கொண்டார். "ஆண்டவர் மன்னிச்சாச்சு சிஸ்டர். பழசக் கிளறி என்ன ஆகப்போவுது?"

மன்னித்திருப்பார். நம்புகிறேன். ஆனால் வேலை போனது ஆண்டவருக்கா? மங்களத்துக்கல்லவா?

ஜூன் 23

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஜெபவீட்டுக்கு வருவதில்லை, என்னைத் தடுத்ததுமில்லை. ஆட்டோ சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"கம்பெனிக்குத் தெரிஞ்சா வேல போயிடுமே."

"போவும்."

"பொண்ணு பத்தாவது படிக்கறா." சாவியை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினார். "நாலு வருசமா எங்கிட்டயே சொல்லாம எப்படிடி இருந்தே?"

எப்படி இருந்தேன்?

ஜூன் 24

காலையில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, "அவங்க வீடு எங்க? நானே கொண்டு விடறேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஜூன் 27, சனி

தொம்மலூர். பழைய ஊருக்குள் மூன்று சந்து தாண்டி. மங்களம் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இளைத்துவிட்டாள். ஏதோ ஆபீஸில் தரை துடைக்கிறாளாம்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையிலிருந்த துணியைப் பிழியவில்லை, போடவுமில்லை.

"எல்லாரும் சேந்து நீ சொல்லல, சொல்லலன்னு சொன்னாங்களா... எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒருவேள நான் சொல்லவே இல்லியோ, சொன்னதா நெனச்சுக்கிட்டனோன்னு. நாலு வருசமா அதான் யோசன. அதுலேந்து மெஷின்லயே ஒக்காரல."

வேலையை மட்டும்தான் பறித்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்.

மன்னிப்பு என்று வாயெடுத்தேன். "அத இப்பக் கேக்காத" என்றாள். "இங்க வந்து சொல்லி என்ன? சொல்ல வேண்டிய எடத்துல போய்ச் சொல்லு."

ஜூன் 28, ஞாயிறு

சாட்சி சொல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்து, "இன்னும் அந்தக் காரியம் முடியலக்கா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 1

மேனேஜர் சுனில் சாரிடம் சொன்னேன். இப்போது எதற்கு இதெல்லாம் என்று கன்னடத்தில் கேட்டார். "எல்லாரும் மறந்தாச்சு. போய் லைனப் பாரம்மா." நடந்ததை எழுதி, கையெழுத்துப் போட்டு மேசைமேல் வைத்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

வேறு எங்கே வேலை தருவார்கள்? அவசரப்பட்டேனோ? கர்த்தாவே, இது உம்முடைய காரியமா, என் வீம்பா?

ஜூலை 3

ராஜினாமா கேட்டார்கள். "குடுக்கறேன் சார். ஆனா மங்களம் அன்னிக்கே எங்கிட்ட சொன்னாங்க, தப்பு அவங்களுது இல்லன்னு கம்பெனி லெட்டர் ஒண்ணு வேணும்" என்றேன். என் குரல்தானா அது? ஒரு மணி நேரம் வெளியே உட்கார வைத்தார்கள். விஷயம் வெளியே போகாமலிருந்தால் போதும் என்றோ என்னவோ, கடைசியில் டைப் அடித்துக் கொடுத்தார்கள்.

பகல் பதினோரு மணிக்கு கேட்டைத் தாண்டி வந்தேன். பதினாறு வருடத்தில் அந்த நேரத்தில் அந்த ரோட்டைப் பார்த்ததே இல்லை. கொய்யாப்பழ வண்டி, வெயில், பள்ளத்தில் தேங்கிய மழைத்தண்ணீர். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது சிரிப்பு வந்தது. வேலை இல்லை. மங்களம் மன்னிக்கவும் இல்லை. ஆனாலும் நெஞ்சு லேசாக இருக்கிறது, மூச்சு அடிவயிறு வரை போகிறது. கண்ணை மூடினேன். மங்களம் வந்து நின்றாள். நிற்கட்டும் என்று அவளோடேயே ஜெபித்தேன். இதைத்தானா ஜெபவீட்டில் அவர்கள் பாடுகிறார்கள்?

ஜூலை 5, ஞாயிறு

மங்களத்திடம் காகிதத்தைக் கொடுத்தேன். இங்கிலீஷில் இருந்தது, அவளுக்குப் படிக்க வராது. "நான் சொன்னேன்னு எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு."

"எந்த வரியில?"

காட்டினேன். அந்த வரிமேல் விரலை வைத்தாள், எடுக்கவே இல்லை. நான் வந்துவிட்டேன்.

செப்டம்பர் 20

ஜெபவீட்டுப் பின்னறையைக் கேட்டு வாங்கி, பழைய மெஷின் ஒன்று போட்டிருக்கிறேன். தெருப் பெண்கள் மூன்று பேர் தையல் கற்க வருகிறார்கள். வருமானம் பாதிக்கும் கீழே. வீட்டுக்காரர் முணுமுணுக்கிறார், ஆனால் மெஷினுக்கு எண்ணெய் விடுவது அவர்தான்.

1999 பிப்ரவரி 8

காலையில் மங்களம் வந்தாள். பொம்மனஹள்ளி பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் மறுபடி தையலில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறதாம். கூடவே தங்கச்சி மகள். "இவளுக்குக் கத்துக்குடு" என்று என் முன்னால் உட்கார வைத்தாள். ஷிப்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பியவள், ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணோடு சேர்த்து இப்போது கற்பவர்கள் ஆறு பேர், இரண்டு மெஷின். கூப்பிடுகிறார்கள். மீதியை அப்புறம்