உப்புத் தண்ணீரில் பத்து நாள்

ஷரபுன்னிசாவின் தம்பி சபியுல்லா தொண்டிக் கடலில் இறந்து நான்கு மாதமாகிறது. அன்று காலை அவள் எழுந்தபோது, எலக்ட்ரீசியனான கணவர் அமீர் ஹம்சா காரைக்குடியிலிருந்து தொண்டிக்கு முதல் பஸ்ஸில் போய்விட்டிருந்தார். அடுக்களையில் ஒரு சீட்டு இருந்தது.

"ஷரபு, உன் தம்பி படகுக்குப் புது ஒயர் இழுக்கப் போறேன். இனி அவன் பொண்டாட்டியோட அண்ணன் ஓட்டப்போறாராம். சட்டியில இருக்கிறது உப்புத் தண்ணி, உலைக்கு ஊத்திராத. அதுலதான் ஒயரைச் சேக்குற மூணு தினுசு கனெக்டரைப் பத்து நாளா ஊறப் போட்டிருந்தேன். ரெண்டுக்குள்ள தண்ணி எறங்கிருச்சு. ரப்பர் வாஷர் வச்ச பித்தளைதான் தாங்குச்சு, அதையே கொண்டு போறேன். பெட்டிச் சாவி அரிசிப் பானையில இருக்கு. கஞ்சி மூடி வச்சிருக்கேன், குடி."

கீழே இடமில்லாமல், ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தார்:

"ராத்திரி படகுல வெளக்குப் போடாமப் போயித்தான் லாஞ்சு மோதிச் செத்தான்னு நீ அவனை ஏசுறப்பெல்லாம் வாயை மூடிக்கிட்டிருந்தேன். அவன் போட்டுத்தான் போயிருப்பான். அந்த வெளக்கு ஒயர் ஜாயிண்டுல வெறும் துணி டேப்பைச் சுத்திவிட்டது நான்தான். படகைக் கரைக்கு இழுத்தன்னிக்கே பாத்தேன். உள்ள தண்ணி போயி, கம்பி பச்சை பூத்துக் கெடந்துச்சு. அதான் வெளக்கு அணைஞ்சிருக்கு. நேர்ல சொல்ல வாய் வரல."

கணவர்மேல் அவளுக்குக் கோபம் பிறகுதான் வந்தது. தம்பியை ஏசி ஏசியே இத்தனை நாளும் அழாமல் இருந்தவள், சீட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யா அல்லா, ஒன்னைய என்னவெல்லாம் பேசிட்டேன் தம்பி" என்று முதல் தடவையாக அவனுக்காக வாய்விட்டு அழுதாள்.