உங்கள் தம்ளர்கள் ஈரமாக இல்லை, அக்கா

என் பிரியத்துக்குரிய பிலோமினா அக்கா,

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உங்களுக்கும் அது தெரியும். படிக்க ஆள் இல்லாத கடிதத்தை எழுதுவானேன் என்று கேட்கிற ஜாதி நான். இருந்தும் மூன்று நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். எழுதி முடித்தால் இதை, இந்தக் கன்னட ஊரில் நாம் நடத்துகிற தமிழ் மாதர் வட்டத்து மலரில் அச்சிடக் கொடுக்கப்போகிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நீங்கள் போய் ஒரு வருஷம். கல்லூரி அப்படியே இருக்கிறது. வேதியியல் கூடத்தில் உங்கள் இடத்துக்கு வந்த பெண் நல்லவள்தான், ஆனால் பியூரெட்டைக் கழுவிவிட்டு ஒரு நிமிஷம்கூடக் கவிழ்த்து வைப்பதில்லை. பார்க்கும்போதெல்லாம் வாயைத் திறக்கப் போய் மூடிக்கொள்கிறேன். கண்ணாடிச் சாமானில் ஈரம் என்று இன்னொருவரைப் பார்த்துச் சொல்ல இப்போது எனக்கு நா எழவில்லை.

நாம் இருவரும் அந்தக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் ஒன்றாக இருந்தோம். மலையோரத் தமிழ்க் கிராமமான மார்டள்ளியிலிருந்து வந்த டெமான்ஸ்ட்ரேட்டர் நீங்கள், எனக்கு எட்டு வயது மூத்தவர். நான் விரிவுரையாளர். கல்லூரிக்குள் நான் உங்களுக்கு 'மேடம்'. கேட்டைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டால் 'கண்ணு'. அந்த மாற்றம் சரியாகக் கேட்டருகே எப்படி நடக்கிறது என்று பல நாள் வியந்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு மெழுகுவர்த்தி செய்யப்போகிறேன் என்று நீங்கள் சொன்னபோது நான் சிரித்தேன். மின்வெட்டுக்குக் கடையில் கிடைக்காத மெழுகுவர்த்தியா? நீங்களோ மண்டி மொஹல்லாக் கடைத்தெருவில் சோப்புச் சாமான் விற்கும் கடையிலிருந்து பாமாயில் மெழுகு வாங்கி வந்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கினீர்கள். தெர்மாமீட்டர் தொண்ணூறு காட்டியதும் சந்தன எண்ணெயோ மரிக்கொழுந்து அத்தரோ அளந்து ஊற்றிக் கலக்கினீர்கள். டீக்கடைக் கண்ணாடித் தம்ளர்களை வெதுவெதுப்பாக்கி, நடுவில் திரி நிறுத்தி, மெழுகை ஊற்றி, அட்டைப் பெட்டியில் வைத்துக் கம்பளியால் மூடினீர்கள். இறுகும்போது திரியைச் சுற்றிப் பள்ளம் விழாமலிருக்க ஸ்வெட்டர் ஊசியால் குத்தி, மறுபடி கொஞ்சம் ஊற்றினீர்கள்.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்து காட்டினீர்கள். தம்ளரின் உள்பக்கமெல்லாம் பெரணி இலை விரித்தாற்போலப் படிகங்கள்.

"பாருங் கண்ணு, பூ விழுந்திருக்குது. அவசரப்பட்டா விழாதுங்க. மெதுவா ஆறோணும்."

அழகாக இருக்கிறது என்று நான் சொன்னேனா? மெதுவாகக் குளிர்ந்தால் படிகம் பெரிதாகும் என்று பாடம் நடத்தியது ஞாபகம் இருக்கிறது. அழகு என்ற வார்த்தையைச் சொன்ன ஞாபகம் இல்லை.

வட்டத்தில் எல்லோரும் வாங்கினார்கள். உங்கள் மாதா கோயில் ஆட்களும் வாங்கினார்கள். எங்கள் வீட்டுக்கு நீங்களே ஆறு தம்ளர் கொண்டுவந்து கொடுத்தீர்கள். வாசனை என்றாலே எனக்குத் தலைவலி என்பதால் அத்தனையும் என் மாமியார் வசம் போயின. நான் ஒன்றைக்கூட என் மேஜையில் ஏற்றிப் பார்க்கவில்லை. இது ஒரு விஞ்ஞான ஆசிரியையின் வாக்குமூலம்.

பிறகு புகார் வந்தது. முதல் நாள் நன்றாக எரிகிறது, அடுத்த தடவை ஏற்றினால் படபடவென்று பொரிந்து அணைந்துவிடுகிறது என்றார்கள். எங்கள் வீட்டிலும் அதே கதை. பொங்கல் கூட்டத்தில் இருபது பேர் உட்கார்ந்திருக்கும்போது பேச்சு அதில் வந்து நின்றது.

"டீச்சர், நீங்க வித்தது மெழுகுவர்த்தியா, மத்தாப்பா?" என்று வட்டத்துக் கோமதி உங்களைக் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்க கோயில் வூடுகள்ல ஒண்ணுஞ் சொல்லலீங்களே," என்றீர்கள் நீங்கள்.

"அவா உங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்லாம இருப்பா," என்றேன் நான். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "மெழுகுல தண்ணி இருந்தாத்தான் இப்படிப் பொரியும். தம்ளரை அலம்பிட்டு நன்னாக் காய வைக்கல. அவ்வளவுதான் விஷயம்."

முப்பது வருஷம் மாணவிகளுக்குக் கண்ணாடிச் சாமானைக் காய வைக்கக் கற்றுக்கொடுத்தவரிடம், இருபது பேர் முன்னால் இதைச் சொன்னேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "இருக்குமுங்க மேடம்," என்றீர்கள். நாம் கல்லூரியில் இல்லை, அக்கா. கோமதி வீட்டுக் கூடத்தில் இருந்தோம்.

அதற்குப் பிறகு நீங்கள் மெழுகு உருக்கவில்லை. கேட்டபோது, "அடுப்படியில நிக்க முடியறதில்லீங்க" என்றீர்கள். நான்கு மாதத்தில் நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடுப்படியில் நிற்க முடியாமல் போனதற்கு உடம்புதான் காரணமா, நான் சொன்ன சொல்லா? இதற்கு எந்தச் சோதனை செய்து விடை கண்டுபிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது புதுச் செய்தி. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரண்ட் போயிற்று. என் மாமியார் உங்கள் தம்ளர்களில் இன்னும் ஏற்றாமல் மிச்சமிருந்த மூன்றில் ஒன்றை ஏற்றிப் பெருமாள் அலமாரியில் வைத்தார். அரை மணியில் கரண்ட் வந்தது. திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களை வைத்துவிட்டு எழுந்துபோய் அதை ஊதி அணைக்கக் குனிந்தேன்.

"ஊதாதேடி! வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கற வேளையில வாயால ஊதுவாளா?"

"இது விளக்கு இல்லம்மா, மெழுகுவர்த்தி."

"சந்தனம் மணக்கறது. பெருமாள் முன்னாடி எரியறது. விளக்கு இல்லாம பின்ன என்ன, உன் காலேஜ் ஸ்டவ்வா? தள்ளிக்கோ."

கிண்ணத்துப் பாலில் ஒரு மல்லிகையைத் தோய்த்து, திரிமேல் வைத்து அமர்த்தினார். உருகிய மெழுகில் இரண்டு சொட்டுப் பால் விழுந்து கீழே இறங்கியதைப் பார்த்தேன். மேலே மெழுகு மூடிக்கொண்டது.

"எத்தனை நாளா இப்படிப் பண்றேள்?"

"எத்தனை நாளாவா? வந்த அன்னிலேந்து. பிலோமினா இங்க உக்காந்திண்டு பாத்தாளே. 'நல்லா கவனிச்சுக்கறீங்கம்மா'ன்னு சொல்லிட்டு காபி குடிச்சா."

மீதமிருந்த இரண்டு தம்ளர்களை என் மேஜைக்கு எடுத்துப்போனேன். இரண்டையும் ஏற்றி, ஒன்றைப் பால் சொட்டு விட்டு அணைத்தேன், மற்றதை ஊதினேன். மறுநாள் ஏற்றியபோது பால் விட்டது பொரிந்து அணைந்தது. ஊதியது நிதானமாக எரிந்தது. ஒரு தம்ளரை வைத்து முடிவு சொல்லக் கூடாதென்று வட்டத்தில் ஆறு வீடுகளுக்கு நடந்தேன். மூன்று வீட்டில் பால். இரண்டு வீட்டில் தண்ணீரில் நனைத்த பூ. கோமதி விரலை எச்சில் தொட்டு அமுக்குகிறாள். "நாத்தமா அடிக்கற சாதா மெழுகுவர்த்தின்னா ஊதிடுவோம். இது வாசனையா, பூப்பூவா இருக்கே, ஊத மனசு வருமா?" என்றாள்.

உங்கள் கோயில் வீடுகளில் ஊதினார்கள். அதனால் புகார் இல்லை. விடை அந்தப் பொங்கல் கூட்டத்திலேயே நம் முன்னால் இருந்தது. நீங்கள் அதை எடுத்து என்னிடம் நீட்டினீர்கள், நான் தள்ளிவிட்டேன்.

ஆனால் அக்கா, நீங்கள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தீர்களாமே. பால் மெழுகுக்குள் போனால் என்னாகும் என்று உங்களுக்குத் தெரியாதா? தெரிந்தே பொங்கல் கூட்டத்தில் பேசாமல் இருந்தீர்களா? பெரியவளின் பக்தியில் கை வைக்க வேண்டாமென்றா? இல்லை, என் மாமியாரால்தான் என்று அத்தனை பேர் முன்னால் எனக்குத் தலைகுனிவு வர வேண்டாமென்றா? அல்லது பார்த்தும் உங்களுக்கே தோன்றாமல் போய், என் வார்த்தையை நம்பி, உண்மையிலேயே உங்கள் கை சுத்தமில்லை என்று நினைத்துக்கொண்டே போய்விட்டீர்களா? முதலாவது என்றால் என்னால் தாங்க முடியவில்லை. கடைசி என்றால் அதைவிட மோசம். ஒரு நாள் ஒன்றை நம்புகிறேன், மறுநாள் இன்னொன்றை.

போன வாரம் ரோஸியைப் பார்க்கப் போனேன். உங்கள் மகள் இளைத்திருக்கிறாள், பள்ளிக்கூட வேலை அதிகமாம். உங்கள் வருஷ நினைவுத் திருப்பலிக்குக் கடை மெழுகுவர்த்தி சொல்லியிருந்தாள். "அம்மா செய்யற மாதிரி நானும் செய்வேன், ஆனா பேடா ஆண்ட்டி, வேண்டாம். கோயில்ல படபடன்னு பொரிஞ்சா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க," என்றாள். மிச்ச மெழுகையும் பாத்திரங்களையும் யாருக்காவது கொடுத்துவிடப் போவதாகவும் சொன்னாள்.

நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப அம்மா பண்ணினது சரியா இருந்துச்சா?"

"சரியா இருந்தது. நான்தான் தப்பு."

"அம்மா தப்புன்னு எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க ஆண்ட்டி?"

"ஆமாம்."

"இதையும் அப்படியே சொல்லுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. உங்களைப் போலத்தான், வெந்நீர் அடுப்பைக் குறைக்கச் சொல்கிற குரலில் சொன்னாள். பாத்திரங்களைக் கொடுக்கவில்லை, மறுபடி அலமாரியில் வைத்தாள். மெழுகு அளவெல்லாம் நீங்கள் எழுதிவைத்த நோட்டை மட்டும் என்னிடம் கொடுத்தாள்.

பொதுவில் பேச எனக்குப் பயம். பாடம் நடத்துவது வேறு. அங்கே நான் சொல்வது சரி என்று தெரியும். அதனால்தான் முதலில் இந்தக் கடிதம். இதைப் படிக்கிற வட்டத்துத் தோழிகளே, பிலோமினா அக்காவின் தம்ளர்கள் காய்ந்திருந்தன. ஈரம் வந்தது நம் வீடுகளில், நம் கையால். அதைத் தீர விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னவள் நான்.

அக்கா, உங்கள் நோட்டைப் பார்த்து நேற்று ஐந்து தம்ளர் ஊற்றினேன். அவசரத்தில் ஃபேன் அடியில் வைத்துவிட்டேன். ஒரு படிகம்கூட இல்லை, வெறும் வெள்ளை. இன்று மறுபடி உருக்கி ஊற்றியிருக்கிறேன். கம்பளி மூடியிருக்கிறது. திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் கோயிலுக்கு வருவேன். ஜெபம் எனக்கு வராது, நடிக்கவும் மாட்டேன். பூ விழுந்தாலும் விழாவிட்டாலும் இந்த ஐந்தும் அங்கே எரியும். பூசை முடிந்ததும் ரோஸி பக்கத்தில் நின்று, உங்கள் கை சுத்தமானது, நான் சொன்னது தப்பு என்று என் வாயால் சொல்வேன். எதனால் பேசாமல் இருந்தீர்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியாமலே இருக்கும்.

இப்படிக்கு,
கேட்டுக்கு இந்தப் பக்கம், பஸ் நிறுத்தத்தில் நிற்கிற உங்கள் தங்கை,
வேதவல்லி