அடுக்களையில் ஒரு சிறைக்கதவு

இண்டியானபோலிஸ்,
10 அக்டோபர் 1887

அன்புள்ள லெவினா,

நலம். தலைநகரில் வேலை இழுக்கிறது, ஞாயிறன்றுதான் வருவேன். அடுக்களையிலிருந்து சிறைக்குப் போகும் இரும்புக்கதவு மழைக்கு இறுகியிருக்கிறது அல்லவா? சனிக்கிழமை மாலை கொல்லர் கஸ் வந்து பார்ப்பார். தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, கொட்டடிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, பிள்ளைகளோடு உன் அக்கா வீட்டுக்குப் போய்விடு. கைதிகளுக்கும் சேர்த்துச் சமைத்து அலுத்துப்போயிருப்பாய். ஓய்வெடு.

அன்புடன்,
ஓரின்

சிறை வீடு,
11 அக்டோபர்

அன்புள்ள கணவருக்கு,

ஓய்வெடு என்று இப்போதுதான் முதல்தடவை சொல்கிறீர்கள். சந்தோஷப்படத்தான் பார்த்தேன். ஆனால் கதவு இறுகவில்லை. கைதி ஹெர்மனுக்குச் சோளரொட்டி கொடுக்க இன்றுகூடச் சுலபமாகத் திறந்தேன். கஸ்ஸைக் கேட்டால், "ஷெரீப் எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையேம்மா" என்கிறார்.

ஒரு கும்பல் பழைய மரச்சிறையை உடைத்து ஒருவனை இழுத்துப்போய்த் தூக்கிலிட்ட பிறகுதானே இந்தக் கல்சிறையைக் கட்டினார்கள்? இரண்டடிச் சுவர்; தெருப்பக்கம் வாசலே இல்லை. முன்னால், சிறைக்குப் பொறுப்பான ஷெரீப்பின் குடும்பம் இருந்தால் எவனும் நுழையத் தயங்குவான் என்றுதான் வழியை நம் அடுக்களைக்குள் வைத்தார்கள். அந்தக் குடும்பத்தைத்தான் போகச் சொல்கிறீர்கள்.

ஆலைக்காரர் ஸ்ட்ரௌட்டின் மகனைக் கொன்றதாக ஹெர்மனைப் பிடித்தீர்கள். இன்னும் விசாரணைகூட நடக்கவில்லை. ஸ்ட்ரௌட்டின் ஆட்கள் வேலியோரம் நின்று வீட்டையே பார்க்கிறார்கள். அடுத்த ஷெரீப் தேர்தலில் உங்களுக்கு உதவுவதாக அவர் சொன்னாரா? நான் தப்பாக நினைக்கிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

உங்கள்,
லெவினா

இண்டியானபோலிஸ்,
13 அக்டோபர்

லெவினா,

உனக்கு எதற்கு இத்தனை கேள்வி? ஷெரீப் நானா, நீயா? பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றால் சொன்னதைச் செய்.

ஓரின்

16 அக்டோபர்

ஷெரீப் அவர்களுக்கு,

நான் கேட்ட அந்த ஒரு வரி உங்கள் கடிதத்தில் இல்லை.

நேற்றுக் காலை பிள்ளைகளை அக்காவிடம் அனுப்பினேன். மத்தியானம் நானும் கஸ்ஸும் ஹெர்மனை வண்டியில் ஏற்றி, பக்கத்து மாவட்டச் சிறையில் ஒப்படைத்தோம். வழியெல்லாம் அவன் வைக்கோலுக்கு அடியில் படுத்தபடியே வந்தான். பிறகு நான் அடுக்களைக்குத் திரும்பி, நீங்கள் சொன்னபடியே தாழ்ப்பாளை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இருட்டத் தொடங்கியதும் ஸ்ட்ரௌட்டும் ஆட்களும் கயிற்றோடு வந்தார்கள். என்னைக் கண்டதும் ஸ்ட்ரௌட் திகைத்துப்போய், "நீ இருக்க மாட்டேன்னு ஓரின் சொன்னானே!" என்றார்.

"வேற என்னெல்லாம் சொன்னார்?" என்று கேட்டேன். ஹெர்மனின் காலி அறையைப் பார்த்துவிட்டு, ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். எல்லாம் நம்மோடு தேவாலயத்தில் உட்காருகிற முகங்கள்தான்.

நானும் அக்கா வீட்டுக்குப் போகிறேன். அங்கே வர வேண்டாம். உள்ளே இன்னும் இரண்டு கைதிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சாப்பாடு கொடுங்கள். நீதிபதி நாளை என்னை வரச் சொல்லியிருக்கிறார். ஸ்ட்ரௌட் சொன்னதை அப்படியே சொல்வேன்.

லெவினா