நீலச் சட்டையின் உள்தையல்

மார்ச் 3
அவருடைய நீலச் சட்டையை இருபுறமும் அரை அங்குலம் பிடித்துத் தைத்தேன். டயர் கடையில் ஒற்றை ஆளாக லாரிச் சக்கரம் கழற்றிய மனிதர். நுரையீரல் நோய் வந்து மூன்று மாதத்தில் சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. கண்ணாடியில் பார்த்தால் மனசு விட்டுவிடுவார். தையல்காரியைக் கட்டிக்கொண்டதற்கு இந்த லாபமாவது இருக்கட்டும்.

மார்ச் 19
மறுபடி அரை அங்குலம். "பாத்தியா, சட்டை சிக்குனு இருக்கு. நான் இளைக்கவே இல்ல" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

மார்ச் 27
தட்டில் இன்றும் பாதி மிச்சம். "சாப்பிட்டாத்தானே சதை பிடிக்கும்? குழந்தையா நீங்க?" என்று கத்திவிட்டேன். மிச்சத்தையும் விழுங்கினார். பிறகு குளியலறையில் வாந்தி எடுக்கும் சத்தம். எனக்கு ஏன் இந்த வாய்?

ஏப்ரல் 2
பரிசோதனை. எடை குறையவில்லை. "இளைச்ச மாதிரி இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். "இல்ல டாக்டர், சட்டை அப்படியே இருக்கு" என்றார் இவர். நான் வாயே திறக்கவில்லை.

ஏப்ரல் 30
நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றியதும் டாக்டர் முகம் மாறிவிட்டது. எடை குறையாமல் காட்டியது காலில் தேங்கிய நீராம்.

"இது பட்டினியால வர்ற இளைப்பு இல்லம்மா. நோயால உடம்பு முழுக்க அழற்சி. அதுதான் தசையைக் கரைக்குது, பசியையும் கொல்லுது. சாப்பாட்டால மட்டும் அதை நிறுத்த முடியாது. போன தடவையே தெரிஞ்சிருந்தா மருந்தை மாத்திப் பாத்திருக்கலாம்."

போன தடவை — நான்தானே மறைச்சேன்? ஐயோ, சாப்பிடலைன்னு வேற அந்த மனுஷனத் திட்டினேனே.

மே 2
அழுதுகொண்டே அவரிடம் சொல்லிவிட்டேன்.

"தெரியும். முதல் வாரமே, அயர்ன் பண்றப்ப பாத்தேன். உள்ள துணியை வெட்டாம விட்டிருந்தே. மறுபடி பிரிச்சு விடலாம்னு நம்பறே போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

"அப்ப டாக்டர்கிட்ட ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"நீ பக்கத்துல உக்காந்திருந்தியே."

மே 11
மருந்து மாற்றியிருக்கிறார்கள். இரண்டு வாய் கஞ்சி. வற்புறுத்தவில்லை.

மே 24
காலையில் நீலச் சட்டையின் தையலைப் பிரித்தேன். உள்ளே மடிந்திருந்த துணி வெயில் படாமல் புது நீலமாகவே இருந்தது. அதைத்தான் அவருக்குப் போட்டுவிட்டேன். பாடை தூக்குவதற்கு டயர் கடையிலிருந்து நாலு பேர் வந்தார்கள். ஒருவர் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். "அண்ணன் சிக்குனுதானே போடுவாரு, அண்ணி?"

இதுதான் அவர் அளவு என்றேன்.