கிளினிக்கில் உம்மா சொன்ன பதில்

வியாழன், இஷா தொழுகைக்குப் பின்.

முகம் வெளுக்கப் பூசும் கிரீம்களில் பாதரசம் இருக்கிறதாம். வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் அது போகுமாம். இன்று கிளினிக்கில் மிட்வைப் மிஸ் சொன்னார். "நீங்க அப்பிடி ஏதும் பூசுறீங்களா மகள்?" என்று கேட்டார்.

உம்மா முந்திக்கொண்டார். "இல்ல மிஸ், இவள்ட நிறமே இதுதான்."

பக்கத்தில் மாமி, என் கணவரின் உம்மா, இருந்தார். அவர் என்னைப் பெண் பார்க்க வருவதற்கு முன்பிருந்தே, உம்மா வாங்கித் தரும் கிரீமைப் பூசுகிறேன். மாமிக்குப் பார்த்ததும் பிடித்துப்போனது அந்த நிறம்தான்.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவைக் குப்பையில் போட்டேன். உம்மா எடுத்துத் துடைத்து அலுமாரியில் வைத்தார். "இப்ப நிப்பாட்டினா கறுத்திருவாய். மாப்பிள்ளைக்கு என்னத்தச் சொல்ற?"

இரவு கணவர் கட்டாரிலிருந்து வீடியோவில் வந்தார். "புள்ள உன்ட நிறத்துலயே பொறக்கோணும்" என்றார்.

ஓம் என்றேன். முகத்தில் கிரீம் இன்னும் காயவில்லை.